எட்டுப் பெட்டிகளும் ஒரு பள்ளிக்கூடமும்

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலச் சட்டவரலாற்றில் எழுத்தறிவு மூன்று முறை மூன்று வேடங்களில் வருகிறது. 1834ஆம் ஆண்டுச் சட்டம், அடிமைகளுக்கு எழுதப் படிக்கக் கற்பிப்பதைக் குற்றம் என்றது. 1868ஆம் ஆண்டு அரசமைப்பு, எல்லாக் குழந்தைகளுக்கும் பள்ளிக்கூடம் அமைப்பது அரசின் கடமை என்றது. 1895ஆம் ஆண்டு அரசமைப்பு, படிக்கத் தெரியாதவருக்கு வாக்கில்லை என்றது. முதலில் தடை, பிறகு கடமை, அதன்பின் தகுதி. இந்த மூன்றும் அறுபத்தோர் ஆண்டுக் காலத்துக்குள் நிகழ்ந்தவை. முதல் சட்டத்தின்கீழ் பிறந்து, இரண்டாவதை எழுதிய அவையிலும் மூன்றாவதை எழுதிய அவையிலும் உறுப்பினராக அமர்ந்த ஒருவர் இருந்தார். அவர் பெயர் ராபர்ட் ஸ்மால்ஸ்.

வாக்களிக்கவோ ஆளவோ ஒருவருக்குக் கல்வித்தகுதி வேண்டுமா என்ற விவாதம் எழும்போதெல்லாம் நினைத்துப் பார்க்கத் தக்கது அவர் வாழ்க்கை.

ஸ்மால்ஸ் 1839 ஏப்ரல் 5ஆம் நாள், கடலோரச் சிற்றூரான பியூஃபர்ட்டில், எஜமானின் வீட்டுக்குப் பின்புறமிருந்த அடிமைக் குடிலில் பிறந்தார். தாய் லிடியா அவ்வீட்டில் வேலை செய்தவர். அடிமைகளுக்கு எழுதக் கற்பிப்பதை அம்மாநிலம் 1740இலேயே தடை செய்திருந்தது. 1834ஆம் ஆண்டுச் சட்டம் படிக்கக் கற்பிப்பதையும் தடைக்குள் கொண்டுவந்தது. கற்பிப்பவர் வெள்ளையராயின் அபராதமும் சிறையும், கறுப்பினத்தவராயின் கசையடி. படிப்பு அடிமை முறையை அரித்துவிடும் என்பதைப் பண்ணையார்கள் நன்கு அறிந்திருந்தார்கள். கல்வியின் ஆற்றலில் அவர்களைப்போல் நம்பிக்கை வைத்தவர்கள் குறைவு என்றே சொல்ல வேண்டும்.

பன்னிரண்டு வயதில் ஸ்மால்ஸ் சார்ல்ஸ்டன் துறைமுக நகரத்துக்குக் கூலிவேலைக்கு அனுப்பப்பட்டார். உணவு விடுதியில் பரிமாறினார்; தெருவிளக்கு ஏற்றினார்; பின்னர் துறைமுகத்துக்கு வந்துசேர்ந்தார். கூலி எஜமானுக்குப் போயிற்று; வாரத்துக்கு ஒரு டாலர் மட்டும் அவர் கைக்கு வந்தது. ஹன்னா என்ற பெண்ணை மணந்தபின், மனைவியையும் மகளையும் அவர்களுடைய உடைமையாளரிடமிருந்து 800 டாலருக்கு விலைக்கு வாங்கிக்கொள்ள ஒப்பந்தம் செய்துகொண்டார். வாரம் ஒரு டாலர் சேர்த்து 800 டாலரை எட்ட எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதைக் கணக்கிட எழுத்தறிவு வேண்டியதில்லை.

துறைமுகத்தின் ஆழமும் மேடும் நீரோட்டமும் அவருக்கு மனப்பாடம். உள்நாட்டுப் போர் மூண்டபோது, தென் மாநிலக் கூட்டமைப்பின் ‘பிளான்டர்’ என்ற நீராவிக் கப்பலில் சுக்கான் சக்கரம் அவர் கையில் இருந்தது. பைலட் என்ற பட்டம் வெள்ளையருக்கே உரியதாகையால், அதே வேலையைச் செய்த அவருக்குச் ‘சக்கரம் பிடிப்பவர்’ என்ற பெயரே தரப்பட்டது.

1862 மே 13ஆம் நாள் விடியுமுன், வெள்ளை அதிகாரிகள் மூவரும் கரையில் தங்கியிருந்த இரவில், ஸ்மால்ஸும் சக அடிமைகளும் கப்பலைக் கிளப்பினார்கள். வழியில் மறைந்து காத்திருந்த தங்கள் மனைவி மக்களை ஏற்றிக்கொண்டார்கள். மொத்தம் 16 பேர். கப்பல் தலைவரின் வைக்கோல் தொப்பியை அணிந்து, அவரைப் போலவே நின்றபடி, ஒவ்வொரு கோட்டையைக் கடக்கும்போதும் உரிய ஊதல் குறிப்பை ஒலிக்கச் செய்தார் ஸ்மால்ஸ். போர் தொடங்கிய இடமான சம்டர் கோட்டையையும் அப்படியே கடந்தார்கள். பீரங்கிகளின் எல்லையைத் தாண்டியபின் கூட்டமைப்பின் கொடியை இறக்கி, ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை ஏற்றி, வட மாநிலங்களின் கடற்படையிடம் கப்பலை ஒப்படைத்தார்கள்.

இந்த நிகழ்ச்சி இன்று பரவலாகச் சொல்லப்படுகிறது. சிறுவர் நூல்களிலும் இடம்பெற்றுவிட்டது. ஆனால் ஸ்மால்ஸின் வாழ்க்கையை அந்த ஓர் இரவோடு நிறுத்திக்கொள்வது, அவருக்குப் பெருமை செய்வதுபோலத் தோன்றினாலும், அவர் செய்த பெரிய வேலையை மறைத்துவிடுகிறது. அந்த வேலை 1868இல் நடந்தது.

இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் வட மாநிலக் கடற்படைக்கும் படைக்கும் கப்பலோட்டியாகப் பணியாற்றினார். 1864இல் ‘பிளான்டர்’ பழுதுபார்ப்புக்காக ஃபிலடெல்ஃபியா நகரில் நின்ற மாதங்களில், ஆசிரியர்களை அமர்த்திக்கொண்டு முறையாக எழுதப் படிக்கக் கற்றார். அப்போது அவருக்கு வயது 25. அதே நகரில்தான், ஓடும் டிராம் வண்டியில் கறுப்பினத்தவர் உட்காரக் கூடாது என்று சொல்லி அவர் வெளியேற்றப்பட்டார். நாடறிந்த போர்வீரருக்கு நேர்ந்த இந்த அவமதிப்பு அங்கே நடந்துகொண்டிருந்த போராட்டத்துக்கு வலுச்சேர்த்தது. 1867இல் பென்சில்வேனியா மாநிலம் வண்டிகளில் இனப்பாகுபாட்டைச் சட்டத்தால் தடை செய்தது. போர்க்காலத்தில் வரிபாக்கிக்காக ஏலத்துக்கு வந்த, தாம் அடிமையாகப் பிறந்த அந்த எஜமானின் வீட்டையும் ஸ்மால்ஸ் விலைக்கு வாங்கினார். அவருடைய உரிமையை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1878இல் அவருக்குச் சாதகமாக முடிந்தது.

1868 ஜனவரியில் சார்ல்ஸ்டனில் கூடிய அரசமைப்பு அவையில் உறுப்பினர்களில் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர். அவர்களில் பலர் மூன்றாண்டுகளுக்கு முன்புவரை அடிமைகள். அந்த அவையில் எல்லாக் குழந்தைகளுக்கும் திறந்த, கட்டணமில்லாத, கட்டாயப் பொதுக்கல்வி வேண்டும் என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் ஸ்மால்ஸ். நான்கே ஆண்டுகளுக்கு முன்பு பாடம் தொடங்கிய ஒருவர், இரு நூற்றாண்டுப் பழமையுடைய செல்வந்தக் குடும்பங்கள் எண்ணியும் பாராத ஒன்றை முன்மொழிந்தார். மாநிலம் முழுமைக்குமான பொதுப்பள்ளி அமைப்பு தென் கரோலினாவில் அதற்கு முன் இருந்ததில்லை. ஏழை வெள்ளையரின் குழந்தைகளுக்கும் அதுவே முதல் வாசலாயிற்று.

அந்த அவையின் நடவடிக்கைகளில் இன்னும் இரண்டு செய்திகள் கவனத்துக்குரியவை. எதிர்காலத்தில் வயதுக்கு வருவோருக்கு எழுத்தறிவை வாக்குரிமையின் தகுதியாக்கலாம் என்ற முன்மொழிவு அங்கே வந்தது. பள்ளிக்கூடம் வந்துவிடப் போகிறது, பிறகென்ன தடை என்பது அதன் தருக்கம். அவை அதனை நிராகரித்தது. அடுத்து, பள்ளிகளின் செலவுக்காக ஆண்டுக்கு ஒரு டாலர் தலைவரி விதிக்கப்பட்டது. ஆனால் அவ்வரியைக் கட்டாத காரணத்தால் எவருடைய வாக்குரிமையும் பறிக்கப்படாது என்றும் அரசமைப்பிலேயே எழுதப்பட்டது. கல்வியின் அருமையை அறிந்தவர்களே, அது வாக்குரிமைக்கு வேலியாகிவிடக் கூடாது என்பதிலும் கவனமாக இருந்தார்கள்.

பின்னர் வந்த மறுகட்டமைப்புக் காலத்தின் கதை பரவலாக அறியப்பட்டது. இங்கே சுருக்கமே போதும். ஸ்மால்ஸ் மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் இருந்தார். 1875 முதல் இடைவெளிகளோடு 1887 வரை வாஷிங்டனில் பிரதிநிதிகள் அவை உறுப்பினராகவும் இருந்தார். 1876ஆம் ஆண்டுத் தேர்தலில் செஞ்சட்டைக் குழுக்கள் துப்பாக்கியோடு திரிந்தன. ஜூலையில் ஹாம்பர்க் என்ற சிற்றூரில் கறுப்பினப் படைக்குழுவினர் பிடிபட்டபின் கொல்லப்பட்டார்கள். 1877இல் வட மாநிலப் படை விலக்கிக்கொள்ளப்பட்டதும் பழைய ஆட்சியாளர்கள் திரும்பினார்கள். ஸ்மால்ஸ் மீது கையூட்டு வழக்குத் தொடரப்பட்டுத் தண்டனையும் விதிக்கப்பட்டது. 1879இல் ஆளுநர் அவரை மன்னித்தார். துப்பாக்கி தன் வேலையை முடித்தபின் சட்டத்தின் வேலை தொடங்கியது.

1870ஆம் ஆண்டின் பதினைந்தாம் அரசமைப்புத் திருத்தம், இனத்தின் பெயரால் வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்கிறது. எனவே இனம் என்ற சொல்லைப் பயன்படுத்தாமலேயே ஓர் இனத்தை விலக்கும் சட்டத்தை எழுத வேண்டியிருந்தது. 1882இல் தென் கரோலினா கண்டுபிடித்த வழி எளிமையானது. அது ‘எட்டுப் பெட்டிச் சட்டம்’ என்று அழைக்கப்பட்டது. ஆளுநர், சட்டமன்றம், நாடாளுமன்றம் என ஒவ்வொரு பதவிக்கும் தனித்தனி வாக்குப் பெட்டி. பெட்டியின்மேல் பதவியின் பெயர் எழுதப்பட்டிருக்கும். தவறான பெட்டியில் விழுந்த சீட்டு செல்லாது. யாரேனும் உடன் வந்து வரிசையைச் சொல்லிக்கொடுத்திருந்தால், இடையில் பெட்டிகள் இடம் மாற்றி வைக்கப்படும். எவரும் தடுக்கப்படவில்லை, எவரும் அடிக்கப்படவில்லை. படிக்கத் தெரியாதவர் வாக்களித்துவிட்டே வீடு திரும்புவார். வாக்கு மட்டும் எண்ணப்படாது.

ஆயினும் எட்டுப் பெட்டிகளால் எல்லாரையும் விலக்க முடியவில்லை. காரணம், 1868இல் விதைத்தது முளைத்துக்கொண்டிருந்தது. அமெரிக்கா முழுவதும் கறுப்பின மக்களிடையே 1870இல் நூற்றுக்கு ஏறத்தாழ 80 பேர் எழுத்தறிவற்றவர்கள். 1900இல் அது 45 என்ற அளவுக்கு இறங்கியிருந்தது. ஒரே தலைமுறையில் நேர்ந்த மாற்றம் அது. எழுத்தறிவு மட்டுமே தகுதி என்று நேர்மையாகச் சட்டம் செய்திருந்தால், ஆண்டுதோறும் கறுப்பின வாக்காளர் தொகை பெருகியிருக்கும். படிக்காத வெள்ளையரும் வெளியே நின்றிருப்பார்கள். ஆதலால் 1895ஆம் ஆண்டு அரசமைப்பு ஒரு கூடுதல் ஏற்பாட்டைச் செய்தது. 1898 தொடக்கம் வரை, அரசமைப்பின் ஒரு பிரிவைப் படிக்க இயலாதவர், அதைப் பிறர் படித்துக்காட்டக் கேட்டுப் பொருள் சொன்னாலும் போதும்; அவர் வாழ்நாள் முழுதும் வாக்காளர். அதன்பின் வருபவர் எழுதப் படிக்கத் தெரிந்தவராகவோ, 300 டாலர் மதிப்புள்ள சொத்துக்கு வரி கட்டியவராகவோ இருக்க வேண்டும். சொன்ன பொருள் சரியா என்பதைத் தீர்மானிப்பவர் பதிவு அதிகாரி. படிக்காத வெள்ளையரின் பொருள் சரியாக இருந்துவிடவும், கறுப்பினத்தவரின் பொருள் தவறாகிவிடவும் வேறெதுவும் தேவையில்லை. 1868இல் வாக்குரிமையைத் தொடக் கூடாது என்று விலக்கிவைக்கப்பட்ட தலைவரியும் இப்போது வாக்களிக்கும் நிபந்தனையாயிற்று.

அந்த அவையின் 160 உறுப்பினர்களில் கறுப்பினத்தவர் ஆறு பேர். மாநில மக்களிலோ அவர்கள் பத்துக்கு ஏறத்தாழ ஆறு பேர். அந்த அறுவரில் ஐவர் பியூஃபர்ட்டிலிருந்து வந்தவர்கள். ஸ்மால்ஸ் அவர்களில் ஒருவர். 56 வயது. எதிரே வாக்குரிமைக் குழுவின் தலைவராக அமர்ந்திருந்தவர் பெஞ்சமின் டில்மன். ஹாம்பர்க் நிகழ்ச்சியில் தாமும் இருந்ததை மறைக்காதவர். டில்மன் பழைய கையூட்டு வழக்கை எடுத்து ஸ்மால்ஸைக் கீழிறக்க முயன்றார். தம் மக்களுக்குச் சிறப்புப் பாதுகாப்பு எதுவும் வேண்டாம், வாழ்க்கைப் போராட்டத்தில் சமவாய்ப்பு ஒன்றே போதும் என்ற பொருளில் அங்கே ஸ்மால்ஸ் ஆற்றிய உரை இன்று அவர் நினைவுச் சின்னத்தில் இருக்கிறது. கலப்பு மணத்தைத் தடை செய்யும் பிரிவு வந்தபோது அவர் ஒரு திருத்தம் கொடுத்தார்: கறுப்பினப் பெண்ணோடு கூடி வாழும் வெள்ளையர் எவரும் அரசுப் பதவி வகிக்கத் தகுதியற்றவர்; அப்படிப் பிறக்கும் குழந்தைக்குத் தந்தையின் பெயரும் சொத்தும் உண்டு. அவை சங்கடத்தில் ஆழ்ந்தது. திருத்தம் தோற்றது. ஆயினும் அந்த அவையினரில் எவரெவர் தலைகுனிய வேண்டியிருந்தது என்பதை அவையே அறிந்திருந்தது.

எல்லாம் முடிந்தபின், புதிய அரசமைப்பில் கையெழுத்திட ஸ்மால்ஸ் மறுத்துவிட்டார். கையெழுத்திடாதவருக்குப் பயணப்படி கிடைக்குமா என்ற பேச்சு எழுந்தபோது, அப்படியானால் நடந்தே வீட்டுக்குப் போவேன் என்ற பொருளில் அவர் சொன்னதாகக் குறிப்பு உள்ளது. எந்த மாநிலத்தில் அவருக்கு எழுத்தைக் கற்பிப்பதே குற்றமாக இருந்ததோ, அந்த மாநிலத்தின் அரசமைப்பில் தம் கையெழுத்தை இட மாட்டேன் என்று சொல்லும் நிலைக்கு அவர் வந்திருந்தார். எழுத்தறிவின் பயன் கையெழுத்திடுவது மட்டுமன்று.

இந்த அரசமைப்பின் நோக்கம் என்ன என்பதில் ஆய்வாளர்கள் ஊகிக்க வேண்டிய தேவை இல்லை. 1900இல் அமெரிக்க மேலவையில் டில்மனே வெளிப்படையாகச் சொன்னார்: இயன்றவரை அதிகமான கறுப்பினத்தவரை வாக்குரிமையிலிருந்து நீக்கவே திட்டமிட்டு அவை கூட்டினோம். சட்டத்தின் சொற்களில் இனம் இல்லை. சட்டம் செய்தவரின் வாயில் அது இருந்தது.

ஸ்மால்ஸ் 1915 பிப்ரவரி 23ஆம் நாள், தாம் அடிமையாகப் பிறந்து உடைமையாளராக வாழ்ந்த அதே வீட்டில் இறந்தார். அதற்கு ஐந்து நாள் முன்பு, வெள்ளை மாளிகையில் வரலாற்றாசிரியராக இருந்து அதிபரான உட்ரோ வில்சன் முன்னிலையில், ‘ஒரு தேசத்தின் பிறப்பு’ என்ற ஊமைப்படம் திரையிடப்பட்டது. அதன் ஒரு காட்சி தென் கரோலினாவின் மறுகட்டமைப்புக் காலச் சட்டமன்றத்தைக் காட்டுகிறது: கறுப்பின உறுப்பினர்கள் செருப்பைக் கழற்றி மேசைமேல் கால் வைத்திருக்கிறார்கள், குடிக்கிறார்கள், தின்கிறார்கள். அந்தச் சட்டமன்றத்தில்தான் ஸ்மால்ஸ் அமர்ந்திருந்தார். அந்தச் சட்டமன்றத்தின் காலத்தில்தான் பொதுப்பள்ளி பிறந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வில்லியம் டன்னிங்கின் மாணவர்கள் எழுதிய ஆய்வேடுகளும், சற்றுக் கண்ணியமான நடையில், அதே கருத்தையே சொல்லிவந்தன: கல்லாதவரிடம் ஆட்சி போயிற்று, நாடு கெட்டது. 1935இல் வெளியான டு போய்ஸின் பெருநூல் இதனை மறுத்தது. அதன் இறுதி அத்தியாயம் வரலாற்றுத் துறையையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது. எழுத்தறிவு என்ற அளவுகோல் வாக்குச்சாவடியில் மட்டும் பயன்படவில்லை, பல்கலைக்கழகங்களிலும் பயன்பட்டது.

இனி வருவது, ஸ்மால்ஸ் காணாத ஒரு பள்ளிக்கூடம். சார்ல்ஸ்டனை அடுத்த ஜான்ஸ் தீவில் ஈசா ஜென்கின்ஸ் என்பவர் தொழிலாளரை நகரத்துக்கு ஏற்றிச் செல்லும் பேருந்து ஓட்டிவந்தார். வாக்காளராகப் பதிவு செய்ய வேண்டுமானால் அரசமைப்பின் பகுதியைப் படித்துக்காட்ட வேண்டும். எனவே பயண நேரத்தில் பயணிகளுக்கு அந்தப் பகுதியைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். பேருந்து போதாதென்று 1957 ஜனவரியில், ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறையில் முதியோர் வகுப்பு தொடங்கியது. திட்டத்தின் ஆன்மா செப்டிமா கிளார்க். கறுப்பின உரிமைச் சங்கத்தில் உறுப்பினராக இருந்ததற்காக அரசுப் பள்ளி ஆசிரியர் பணியை இழந்தவர். வகுப்பெடுத்தவர் பெர்னிஸ் ராபின்சன். அழகுநிலையம் நடத்தியவர், தையல் தெரிந்தவர், ஆசிரியப் பயிற்சி பெறாதவர். தங்கள் பெயரை எழுதுவது, அஞ்சல்வழிப் பொருள் வாங்கும் படிவத்தை நிரப்புவது, பிறகு அரசமைப்பைப் படிப்பது என்று பாடம் நடந்தது. வேலியாக எழுதப்பட்ட 1895ஆம் ஆண்டு அரசமைப்பே அந்தப் பின்னறையில் பாடநூலாக மாறியது. ‘குடிமைப் பள்ளி’ என்ற அந்த இயக்கம் தென் மாநிலங்கள் எங்கும் பரவியது. 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் அம்மாநிலங்களில் எழுத்தறிவுத் தேர்வை நிறுத்திவைத்தபோது, அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்ற மாநிலம் தென் கரோலினாவே. 1966இல் அது தோற்றது. 1897இல் தென் கரோலினாவின் அன்றைய கடைசிக் கறுப்பின உறுப்பினர் பிரதிநிதிகள் அவையைவிட்டு வெளியேறியபின், அடுத்தவர் அங்கே நுழைய 1993 ஆயிற்று. 96 ஆண்டுகள்.

இந்த வரலாற்றை இந்தியாவிலிருந்து படிப்பவருக்கு ஒரு பொருள் சட்டென்று கண்ணில் படும்: பெட்டி. 1951-52ஆம் ஆண்டின் முதல் பொதுத்தேர்தலில் இங்கும் பல பெட்டிகள் வைக்கப்பட்டன. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெட்டி. பெட்டியின்மேல் அவருடைய சின்னம். ஏறத்தாழ 17 கோடியே 30 லட்சம் வாக்காளர்கள். நாட்டின் எழுத்தறிவு நூற்றுக்குப் பதினெட்டு. படிக்கத் தெரியாதவர் தவறிவிட வேண்டும் என்பதற்காகத் தென் கரோலினா பெட்டிகளைப் பெருக்கியது. படிக்கத் தெரியாதவர் தவறிவிடக் கூடாது என்பதற்காக இந்தியா பெட்டிகளைப் பெருக்கியது. ஒரே கருவி; நோக்கம் நேர் எதிர். 1935ஆம் ஆண்டுச் சட்டம் சொத்தையும் வரியையும் கல்வியையும் வாக்குரிமையின் தகுதிகளாக வைத்திருந்த நாட்டில் இது எளிதில் எடுக்கப்பட்ட முடிவு அன்று. 1928இலேயே சைமன் குழுவின் முன் வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கேட்ட அம்பேத்கர், டன்னிங் பேராசிரியராக இருந்த காலத்திலேயே அதே கொலம்பியாவில் பயின்றவர் என்பதும் நினைவுகூரத் தக்கது.

அந்த விவாதம் இங்கும் முடிந்துவிடவில்லை. 2015இல் ஹரியானா மாநிலம் ஊராட்சித் தேர்தலில் போட்டியிடக் கல்வித்தகுதி விதித்தது: பொதுப்பிரிவு ஆண்களுக்குப் பத்தாம் வகுப்பு, பிறருக்குச் சற்றுக் குறைவு. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்றது. நன்மை தீமையைப் பகுத்தறியும் ஆற்றலைக் கல்வியே தருகிறது என்பது தீர்ப்பின் கருத்துகளில் ஒன்று. ஹரியானாவும் தென் கரோலினாவும் ஒன்றல்ல. ஒரு சட்டத்தின் நோக்கத்தை இன்னொன்றின்மேல் ஏற்றிவிடக் கூடாது. ஆனால் பள்ளிக்கூடத்தைக் கொடுக்க வேண்டிய அரசே, அது கிடைக்காதவரைத் தகுதியற்றவர் என்று சொல்லலாமா என்ற கேள்வி இரண்டு இடங்களுக்கும் பொது.

அக்கேள்விக்கு 1868ஆம் ஆண்டு அவையின் நடவடிக்கைக் குறிப்பில் ஒரு விடை இருக்கிறது. தென் கரோலினாவின் கற்றறிந்த சட்டமியற்றிகள் எழுதப் படிக்கக் கற்பிப்பதைக் குற்றமாக்கினார்கள். அந்த மாநிலத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் பள்ளிக்கூடம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தவர், தம் குழந்தைப் பருவத்தில் பள்ளிக்கூடத்தின் வாசலை மிதிக்க அனுமதிக்கப்படாத ஒருவர்.